செல்லத்தாயியின் உதட்டுக் கீறல்

கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். நான் தண்ணீர் அண்டாவைப் பார்ப்பேன். மூடி இருக்கிறதா, மொண்டு ஊற்றுகிறவன் நகம் எப்படி இருக்கிறது, எச்சில் இலை எந்தப் பக்கம் போகிறது என்று கண் தானாக ஓடும். "உங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு நல்லது கெட்டதுக்குப் போக முடியுதா?" என்று என் மனைவி காலமெல்லாம் திட்டினாள். என்ன செய்வது, சுகாதார ஆய்வாளர் உத்தியோகம் பார்த்தவன் புத்தி ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வு பெறாது.

பறவைக் காய்ச்சல் என்று பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியதும் எங்கள் துறை இளைஞர்கள் சிலர் வீடு தேடி வந்தார்கள். பயிற்சி முகாமில் பேச வேண்டுமாம். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அதில் ஒருவர், "உங்க காலத்துல காலரா, அம்மை மட்டும்தானே சார், பறவை நோயெல்லாம் இப்ப வந்ததுதானே?" என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். முகாமில் ஐந்து நிமிஷம் மைக் கொடுத்தார்கள். நான் ஆரம்பிப்பதற்குள் போண்டா வந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மதராஸில் ஒரு வருஷம். ப்ளீச்சிங் பவுடர் கலக்கவும், அம்மை குத்தவும், கக்கூஸ் குழி அளக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பறவை என்ற பேச்சே கறிக்கடைச் சோதனைப் பாடத்தில்தான் வந்தது. முடித்ததும் பழனியில் போட்டார்கள். தைப்பூசக் கூட்டத்தில் காலரா ஊசியைக் கண்டதும் காவடியோடு ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடிப்பதுதான் முதல் வருஷத்து உத்தியோகம்.

அங்கேதான் டாக்டர் எஸ்தர் எனக்கு மேலதிகாரியாக வந்தார். குள்ளமான உருவம், கறுப்புக் குடை, தோளில் சொந்தத் தண்ணீர் பாட்டில். யார் வீட்டிலும் காபி குடிக்கமாட்டார். நோயாளி வீட்டுக்குப் போனால் முன்வாசலில் நுழையாமல் முதலில் கொல்லைப்பக்கம் போவார். "என்ன உடம்புக்கு?" என்று கேட்கவே மாட்டார். "நேத்து என்ன சமைச்சீங்க?" என்பார். பதில் வந்ததும் "அப்புறம்?" என்பார். அதற்கும் பதில் வந்தால் மறுபடி "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பெரிய பெரிய மிராசுதார்களே உளறிக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

நான் எழுதிக் கொடுக்கிற அறிக்கைகளில் 'நிச்சயமாக' என்று எங்கே இருந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஒரு தடவை மனம் பொறுக்காமல் ஏன் என்று கேட்டேன். "நிச்சயம்ங்கிறது ஆண்டவருக்கும் கணக்கு வாத்தியாருக்கும்தான். நமக்கு 'இருக்கலாம்' போதும்" என்றார். எதையும் 'நிச்சயம்' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்பில் கிளிகள் செத்து விழுவதாகத் தகவல் வந்தது. காவல்காரன் பிள்ளைகள் அதில் சிலவற்றைச் சுட்டுத் தின்று வாந்தியில் கிடந்தார்கள். தோப்புக்காரர் எங்களைக் கண்டதும் இளநீர் வெட்டச் சொன்னார். கோழிக்கு வருகிற கழிச்சல்தான் கிளிக்கும் வந்திருக்கிறது, கலிகாலம் என்றெல்லாம் சொன்னார். நானும் தலையாட்டினேன். டாக்டரம்மா இளநீரைத் தொடவில்லை. செத்த கிளியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கிளியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். கிளியை மொய்க்க வந்த எறும்புகள் சுற்றிலும் செத்துக் கிடந்தன. "கழிச்சல் எறும்புக்கும் வருமா?" என்றார். தோப்புக்காரர் முகம் செத்துவிட்டது. கொய்யாவைக் கொத்துகிற கிளிகளை ஒழிக்கப் பூச்சிமருந்தைப் பழத்தில் தடவி வைத்திருந்தார். பிள்ளைகள் பிழைத்ததே பெரிய காரியம்.

அந்த ஆயக்குடிக் கிளி என் மண்டையில் குடியேறிவிட்டது. அதற்குப் பிறகு யார் நோய் என்று சொன்னாலும் இவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். நோயை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க ஆரம்பித்தேன். டாக்டரம்மா கொடைக்கானலுக்கு மாற்றலாகிப் போய், கொஞ்ச காலத்தில் நானும் மலையேறியபோது, இந்தச் சந்தேக மூட்டையையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

இனிச் செல்லத்தாயி விஷயம்.

அவள் பாச்சலூர்ப் பக்கத்துப் பெண். கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் துணி துவைக்கிற வேலை. புருஷன் மாயாண்டி சீசனில் பெட்டி தூக்குவான், மற்ற நாளில் விறகு வெட்டுவான். அப்போதுதான் சோறு ஊட்டத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தை. கடைத்தெருவுக்குக் கீழே சரிவில் மண்சுவர் வீடு. சீசன் தொடங்குவதற்கு முன்னால், மலையில் குளிர் இன்னும் விடாத நாளில், அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தலை பிளக்கிற வலி; துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தாள். வறட்டு இருமல். பெனிசிலின் ஊசி போட்டும் காய்ச்சல் அசையவில்லை. எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் நிழல் தெரிந்தது.

விடுதி மேட்ரன் உடனே சயரோகம் என்று முடிவு கட்டிவிட்டார். அந்தக் காலத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் போதும், வாடகைக்கு வீடு கிடைக்காது, கிணற்றில் வாளி விடமுடியாது. அவள் துவைத்த விரிப்புகளைக் கொளுத்தினார்கள். அவளைச் சயரோக வார்டுக்கு அனுப்ப எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. போனால் திரும்பி வர வருஷக்கணக்கு ஆகும். பால்குடிப் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஏதாவது ஓர் அனாதை விடுதியில் சேர்த்துவிடுவார்கள். டாக்டர் எஸ்தரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவர் கையெழுத்துப் போடவில்லை. சளியில் சயரோகக் கிருமி தென்படவில்லை, அந்த நோய் இவ்வளவு வேகமாக ஆளைச் சாய்க்கவும் செய்யாது என்றார். இன்னொன்றும் அவருக்கு உறுத்தியது. செல்லத்தாயியின் உதட்டைச் சுற்றிலும் சின்னச் சின்னக் கீறல்கள். எல்லாரும் காய்ச்சல் கொப்புளம் என்று விட்டுவிட்டார்கள். டாக்டரம்மா விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்து, இது எப்படி வந்தது என்று கேட்டார். பல்லுப் பட்டுவிட்டது என்றாள் அவள். "உதட்டுக்கு வெளியிலயுமா பல்லுப் படும்?" என்றார் டாக்டரம்மா. அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். "அப்புறம்?" என்று கேட்டுக் காத்திருந்தார். முதல் தடவையாக அந்தக் கேள்வி பலிக்கவில்லை.

என்னை அழைத்து வீட்டைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். வேறு காரணம் சீக்கிரம் கிடைக்கவில்லை என்றால் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார்.

நான் காக்கி உடுப்பில் போனேன். மாயாண்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றான். திருட்டு முழி. உள்ளே பட்டப்பகலில் சாம்பிராணிப் புகை. அடுப்பாண்டை கம்பளி போர்த்திய ஒரு கூடை. ஏதோ ஊறிப் புளித்த வாடை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரிலும் தரையிலும் சுண்ணாம்புத் தெறிப்பு. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மதுவிலக்கு இருந்த காலம். பயல் சாராயம் காய்ச்சுகிறான்!

கூடையில் என்ன என்று கேட்டேன். "துணிங்கய்யா, காயலக்காரி துணி. தொடாதீங்க, உங்களுக்கும் ஒட்டிக்கிரும்" என்றான். சயரோகத்தைக் காட்டி என்னையே பயமுறுத்துகிறான். பக்கத்து வீடுகளில் வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். என் உடுப்பைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு என்னங்க தெரியும் என்று கதவைச் சாத்தினார்கள். புறப்படும்போது மாயாண்டி ஒன்றே ஒன்று கேட்டான்: "பிள்ளையப் புடிச்சுட்டுப் போயிருவீங்களாங்கய்யா?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் நடிக்கிறான் என்றே நினைத்தேன்.

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். கெட்ட சாராயம் குடித்துக் குடல் வெந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, என்ன ஊறிக்கொண்டிருந்தது என்றார். கடலை, ஒரு சட்டி நிறைய. "சாராயத்துக்குக் கடலை எதுக்கு?" என்றார். தொட்டுக்கொள்ள என்றேன். சிரிக்கவில்லை. "மண்சுவர் வீடுன்னீங்க. வெள்ளையடிக்காத வீட்ல சுண்ணாம்பு எப்படித் தெறிச்சுது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னார். அது சுண்ணாம்பு இல்லை, காய்ந்த எச்சமாக இருக்கலாம். சீசனில் வெளியூர்க்காரர்களுக்கு விற்பதற்காகக் கீழ்மலைக் காட்டில் மரப்பொந்துகளிலிருந்து கிளிக்குஞ்சு எடுத்து வருகிறவர்கள் உண்டு. கண் திறக்காத குஞ்சுக்குக் கடலையை மென்று உதட்டோடு உதடாக ஊட்டித்தான் வளர்ப்பார்கள். பசியில் குஞ்சு உதட்டைக் கொத்தும். அந்தக் கீறல்கள் அதுவாக இருக்கலாம். கிளிகளுக்கு வருகிற ஒரு காய்ச்சல் மனிதருக்கு ஒட்டும், நுரையீரலைப் பிடிக்கும், பெனிசிலினுக்கு அடங்காது, டெட்ராசைக்ளினுக்குத்தான் அடங்கும் என்று அவர் படித்திருந்தார். அந்த மருந்து மதுரையிலிருந்து வரவேண்டும். காரணம் எழுதாமல் தரமாட்டார்கள்.

"எல்லாம் 'இருக்கலாம்'தான். கூடையை நான் பாக்கணும். நாளைக்கு வெள்ளனே போவோம். நீங்க வேட்டியில வாங்க" என்றார். வேட்டி எதற்கு என்று புரியவில்லை. காட்டில் குஞ்சு எடுப்பது வன இலாகாவுக்குக் குற்றம், மலையில் காக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவன் ஃபாரஸ்ட் கார்டுதான் என்று விளக்கினார். அந்தப் பெண் சயரோகக்காரி என்ற பெயரைக்கூடத் தாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் கிடந்தது புருஷன் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

மறுநாள் போனோம். கூடை இல்லை. குழந்தையும் இல்லை. தரையெல்லாம் புதுச் சாணி மெழுகி, மாயாண்டி தனியாக உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து அவன் எதிரிலே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டார். வட்டக்கானலில் இருக்கிற அக்கா முத்தம்மாள் வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னான். அப்புறம் என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாயாண்டி, கார்டுகிட்ட நான் சொல்லப்போறதில்ல. எனக்குக் காட்டுச் சோலி கிடையாது, காய்ச்சல் சோலிதான். ஒண்ணே ஒண்ணு சொல்லு. பிள்ளை இருக்கிற வீட்டுலயா கூடையும் இருக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். வேட்டி கட்டினாலும் நேற்றைய காக்கி அவன் கண்ணில் இருந்தது. "எந்தக் கூடைம்மா?" என்றான்.

"உன் வீட்டுக்காரிக்கு வந்தது மனுசங்ககிட்ட இருந்து வந்ததில்ல. அந்தக் குஞ்சுககிட்ட இருந்து வந்திருக்கலாம்."

"கிளிக்குக் காய்ச்ச வந்து மனுசனுக்கு ஒட்டுமாக்கும்? எங்க அப்பன் காலத்துல இருந்து வாயில ஊட்டித்தான வளக்கோம்? யாருக்கு என்ன வந்துச்சு?" என்று வாயை விட்டான். சொன்ன பிறகுதான் கூடையை ஒப்புக்கொண்டது அவனுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். டாக்டரம்மா அதைக் காட்டிக்கொள்ளவில்லை. இந்தத் தடவை குஞ்சு ஏதும் செத்ததா என்று மட்டும் கேட்டார்.

"செத்துச்சுங்க. கண்ண மூடிக்கிட்டு, உப்பிக்கிட்டு, பச்சையாக் கழிஞ்சுச்சு. குளிருன்னு நெனச்சோம். அவதான் பாவம்னு சீலைக்குள்ள போட்டு வச்சிருந்தா. அவ நெஞ்சுலதான் செத்துக் கெடந்துச்சு."

"இப்ப மிச்சக் குஞ்சுக்கு யார் ஊட்டுறா?"

"அக்காதான்."

"பிள்ளைக்குச் சோறு?"

"அதையும் அக்காதான் மென்னு..." என்றவன் நிறுத்தினான். எங்களை மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் எழுந்திருப்பதற்குள் சரிவில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டான்.

வட்டக்கானலுக்கு அப்போது ஒற்றையடித் தடம்தான். மழைக்காடும் பனிமூட்டமுமாக, இரண்டொரு குடிசை. பினாயிலும் குளோரோபார்மும் தகர டின்னும் போட்ட பையை நான் சுமக்க, டாக்டரம்மா குடையை ஊன்றிக்கொண்டு என்னை விட வேகமாக நடந்தார். "வெரசா வாங்க இன்ஸ்பெக்டர்" என்று ஒரு தடவை திரும்பிச் சொன்னார். கொள்ளை நோய் நேரத்தில்கூட அவர் அவசரப்பட்டு நான் கண்டதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முத்தம்மாள் வெயில் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை. ஒரு கன்னம் கடலையால் உப்பியிருந்தது. மடியில் கிடந்த பிள்ளையை மாயாண்டி பிடுங்கிக்கொண்டிருந்தான். "ஏலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" என்று அவள் கத்தினாள். வாயில் இருப்பதைத் துப்பச் சொன்னார் டாக்டரம்மா. முன்பின் தெரியாத பொம்பளை எதையோ பறிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, எங்களைப் பார்த்துக்கொண்டே கடக்கென்று விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா செய்ததை இந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்துக்கொள்ளட்டும். முதலில் யாரையும் கூடையை அசைக்க விடவில்லை. காய்ந்த எச்சம் தூளாகப் பறந்தால் மூச்சோடு போகும், வாயால் ஊட்டுவதைவிட அது பொல்லாதது என்றார். சாக்கை பினாயில் தண்ணீரில் நனைத்துக் கூடையின் மேல் போட்டார். எங்கள் எல்லார் மூக்கிலும் ஈரத்துணி. புகை எங்கள் மேல் அடிக்காதபடி காற்று போகிற பக்கம் குழி வெட்டினேன். குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எடுத்து, குளோரோபார்ம் பஞ்சு வைத்த தகர டின்னில் போட்டு மூடினார். கூடை, புல், கம்பளி எல்லாவற்றையும் நனைத்தபடியே குழியில் இறக்கி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம். கூடை இருந்த இடத்தை நனைத்துவிட்டுத்தான் சுரண்டினோம். பெருக்கவே கூடாது என்றார்.

கடைசியாக ஒரு குஞ்சு இருந்தது. இறகு முளைத்துப் பச்சைப் பசேலென்று, யார் கையைக் கண்டாலும் வாயைத் திறந்து கத்தியது. "இது நல்லாத்தானம்மா இருக்கு. இத மட்டும் விட்டுருங்களேன்" என்றான் மாயாண்டி.

"நல்லா இருக்கிறதைப் பாத்தாத்தான் எனக்குச் சந்தேகம்" என்றார். நோயை உள்ளே வைத்துக்கொண்டு துள்ளுகிற பறவைதான் வீடு வீடாகப் போய்ச் சேரும் என்று பிறகு என்னிடம் விளக்கினார். அதையும் டின்னில் போட்டார். அன்றைக்கு அவர் எவ்வளவு நேரம் கை கழுவினார் என்பதை நான் மறக்கமாட்டேன். மாயாண்டி குழந்தையை முதுகுப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அழுதான்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் மருந்து வந்தது. செல்லத்தாயிக்குக் காய்ச்சல் இறங்கியது, கஞ்சி கேட்டாள். வார்டுக்கு அனுப்புகிற பேச்சு நின்றது. முத்தம்மாளுக்குக் கொஞ்ச நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. காத்திருந்தவர்கள் போல உடனே மருந்தைக் கொடுத்துவிட்டோம். குழந்தையை டாக்டரம்மா தினமும் போய்ப் பார்த்தார். அதற்கு ஒன்றும் வரவில்லை. எனக்குத்தான் இருமுகிற போதெல்லாம் ஈரக்குலை நடுங்கியது. என் மனைவி என் தட்டைத் தனியாக வைத்தாள். மாயாண்டி ஒரு பங்களாக் காவல்காரருக்குக் கொடுத்திருந்த குஞ்சுகளையும் தேடிப் பிடித்து ஒழித்தோம். கார்டிடம் டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. விடுதி மட்டும் அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. சயரோகம் இல்லை என்றால் இது அதைவிடப் பொல்லாத ஏதோ ஒன்று என்று மேட்ரன் சந்தேகப்பட்டாராம். என் ஆட்சேபம் எடுபடவில்லை.

சோதனைக்காக மதராஸுக்கு அனுப்பிய ரத்தம் வழியில் வெயிலில் கெட்டுவிட்டது. ஒன்றும் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. ஆகவே அது கிளிக்காய்ச்சல்தானா என்பதற்கு இன்று வரை அத்தாட்சி கிடையாது. என் அறிக்கையில் 'இருக்கலாம்' என்றே எழுதினேன். டாக்டரம்மா அதில் ஒரு கோடும் போடவில்லை.

செல்லத்தாயியை வீட்டுக்கு அனுப்பிய அன்று நாங்களும் போனோம். முத்தம்மாள் பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினாள். செல்லத்தாயி கை நீட்டவில்லை. முந்தானையால் வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். பிள்ளை தாவியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கு இப்ப ஒண்ணும் இல்லம்மா, வாங்கு" என்றார் டாக்டரம்மா.

"இந்த வாய்தானம்மா. குஞ்சும் இந்த வாயிலதான் தின்னுச்சு, இதுவும் இந்த வாயிலதான் தின்னுச்சு. உள்ள எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டுக் கெடந்தா?" துணிக்குள்ளிருந்து அவள் குரல் நடுங்கியது. "பிள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னு நிச்சயமாச் சொல்லுவீங்களாம்மா?"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மதராஸ் பதில் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். எத்தனை அறிக்கைகளில் அடி வாங்கியவன் நான்.

"நிச்சயம்" என்றார்.

குரலில் ஒரு தயக்கமும் இல்லை. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். செல்லத்தாயி முந்தானையை இறக்கினாள். உதட்டுக் கீறல்கள் ஆறி, வெள்ளைத் தழும்பாக இருந்தன. பிள்ளையை வாங்கி அதன் கன்னத்தில் வாயை வைத்து அழுத்திய அழுத்தலில் அது வீலென்று கத்தியது.